எண்ணால் பேர் வாங்கிய அணி, எண்ணைக் காட்டி ஊரை விட்டது

2024 செப்டம்பர் 26 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் கொலிசியம் அரங்கில் 46,889 பேர் கூடினார்கள். உள்ளூர் பேஸ்பால் அணியான அத்லெட்டிக்ஸ், ரசிகர்கள் வாயில் வெறும் ‘ஏஸ்’, டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்றது. 1968-ல் அந்த ஊருக்கு வந்த அணி அங்கே ஆடிய கடைசி ஆட்டம் அது. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர்தான் வந்திருந்தார்கள். அணி லாஸ் வேகஸுக்குப் போவது சரிதான் என்பவர்கள் அந்தப் பத்தாயிரத்தைக் காட்டுவார்கள். போகக் கூடாது என்றவர்கள் நாற்பத்தாறாயிரத்தைக் காட்டுவார்கள். இரண்டுமே நிஜமான எண்கள்.

ஏஸ் வெறும் ஒரு விளையாட்டு அணி இல்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யம். “இந்த எண் உண்மையில் எதை அளக்கிறது?” என்ற கேள்வியைக் கேட்டே பணக்கார அணிகளை மண்ணைக் கவ்வ வைத்த அணி அது. ‘மணிபால்’ என்ற பெயரில் புத்தகமாகவும் பிராட் பிட் நடித்த படமாகவும் உலகம் சுற்றியது இவர்களின் கதைதான். அந்தக் கேள்வியை விளையாட்டு வீரர்கள் விஷயத்தில் அவ்வளவு கறாராகக் கேட்ட ஒரு நிர்வாகம், ரசிகர்கள் விஷயத்தில் ஏன் கேட்கவே இல்லை? ஏஸ் ரசிகனாக இருந்து தொலைத்த எனக்கு இது ஆற்றாமை. ஆனால் ஆற்றாமையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

பேஸ்பாலில் புள்ளிவிவரம் எப்படி வந்தது என்பதைக் கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. காரணம், அதைக் கொண்டுவந்தவரே ஒரு கிரிக்கெட்காரர். ஹென்றி சாட்விக் 1824-ல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாகவே அமெரிக்கா வந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பேஸ்பாலைப் பார்த்து மனதைப் பறிகொடுத்த பிறகு, கிரிக்கெட் ஸ்கோர் அட்டையை அதற்கு ஏற்றபடி மாற்றி, 1859-ல் ‘பாக்ஸ் ஸ்கோர்’ என்ற கட்டத்தைக் கொடுத்தார். யார் எத்தனை முறை அடித்தார், எத்தனை ரன், எத்தனை பிழை என்று ஒரு ஆட்டத்தையே சில அங்குல அச்சில் அடக்கிவிடும் கட்டம். ஆட்டத்தைப் பார்க்காதவரும் மறுநாள் பேப்பரில் அதை ‘பார்க்க’ முடிந்தது. அமெரிக்கச் சிறுவர்கள் நூறாண்டுக்கு மேல் வகுத்தலைப் பள்ளியில் கற்றார்களோ இல்லையோ, பேட்டிங் ஆவரேஜில் கற்றார்கள்.

சாட்விக் ஒரு முடிவு எடுத்தார். பிட்சர் வீசும் பந்துகளில் நான்கு, அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியே போனால் பேட்டர் மட்டையை அசைக்காமலேயே முதல் பேஸுக்கு (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நடந்து போகலாம். இதற்கு ‘வாக்’ என்று பெயர். கிரிக்கெட்டில் வைடு ரன் பேட்டர் கணக்கில் சேராமல் எக்ஸ்ட்ராஸில் போகும் அல்லவா, அந்த நியாயப்படியே சாட்விக்குக்கு வாக் என்பது பிட்சரின் தவறாகத் தோன்றியது, பேட்டரின் திறமையாகத் தோன்றவில்லை. ஆகவே மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது அடித்துப் பேஸை அடைந்தது, என்று சொல்லும் பேட்டிங் ஆவரேஜில் அதற்கு இடமில்லை. 1887-ல் மட்டும் ஒரே ஓர் ஆண்டு வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள். ஆவரேஜ்கள் வானத்துக்கு எகிறின. அடுத்த ஆண்டே கைவிட்டார்கள்.

இதனால் என்ன ஆனது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒருவர் 500 முறை மட்டை பிடித்து (வாக் இந்த எண்ணிக்கையில் சேராது) 150 ஹிட், கூடவே 20 வாக். ஆவரேஜ் .300. இன்னொருவர் அதே 500-ல் 135 ஹிட், ஆனால் அதற்கு மேல் 100 வாக். ஆவரேஜ் .270. நூறாண்டு காலம் முதலாமவர்தான் நட்சத்திரம். ஆனால் எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸை அடைந்தார் என்று பார்த்தால், முதலாமவர் 520-க்கு 170, அதாவது .327. இரண்டாமவர் 600-க்கு 235, அதாவது .392. ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸில் இருப்பது 27 அவுட் மட்டும். அவுட் ஆகாமல் இருப்பவர்தான் அணியின் மூலதனத்தைக் காப்பாற்றுகிறவர். இரண்டாமவர் எவ்வளவோ மேல். ஆன் பேஸ் பெர்சன்டேஜ் என்ற இந்த அளவை 1984 வரை லீக் அதிகாரபூர்வமாக வெளியிடக்கூட இல்லை.

ஆக, ஒரு எண்ணுக்குள் ஒருவருடைய தீர்ப்பு ஒளிந்திருக்கலாம். எதை எண்ணுவது, எதை விடுவது என்று என்றோ ஒருவர் செய்த முடிவு, பிறகு இயற்கை விதி மாதிரி ஆகிவிடும். இதைப் பேஸ்பால் உலகுக்கு உறைக்கும்படி சொன்னவர் பில் ஜேம்ஸ். கான்சஸ் மாநிலத்துக்காரர். லாரன்ஸ் நகரில் டப்பாவில் பீன்ஸ் அடைக்கும் ஆலையில் இரவுக் காவல் வேலை. அந்த நீண்ட ராத்திரிகளில் பாக்ஸ் ஸ்கோர்களைக் கூட்டிக் கழித்து, 1977-ல் தானே ஒரு தொகுப்பைத் தயாரித்து விற்றார். விற்றது ஏறக்குறைய 75 பிரதி. அணியில் ஆடிய அனுபவம் கிடையாது. கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் வெறி பிடித்த ரசிகர், அவ்வளவே. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. “புள்ளிவிவரம் வந்து விளையாட்டின் உயிரை எடுத்துவிட்டது” என்று புலம்புகிறவர்கள் ஏதோ கணக்கர்கள் வெளியிலிருந்து படையெடுத்து வந்ததைப்போலப் பேசுவார்கள். வந்தது ரசிகர் கூட்டத்துக்குள்ளிருந்து. தன் அணி ஏன் தோற்கிறது என்று தூக்கம் வராமல் கிடந்த ஆளிடமிருந்து.

அந்த எழுத்துகளைக் கவனமாகப் படித்தது ஓக்லாண்ட். சாண்டி ஆல்டர்சன் தொடங்கி வைக்க, 1997-ல் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அணியைக் கட்டும் ஜெனரல் மேனேஜரான பில்லி பீன் அதைக் கொள்கையாக்கினார். பீனே ஒரு தோற்றுப்போன நட்சத்திரம். 1980-ல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது, ‘பார்த்தாலே பேஸ்பால் வீரன்’ என்று. உடம்பு இருந்தது, அழகு இருந்தது, ரன் வரவில்லை. கண்ணால் பார்த்து எடை போடுவதை நம்பக் கூடாது என்பதற்கு அவரே உதாரணம்.

2001-ல் 102 ஆட்டங்கள் வென்ற ஏஸ், அந்தக் குளிர்காலத்தில் தன் பெரிய பேட்டர் ஜேசன் ஜியாம்பியை நியூயார்க் யாங்கீஸிடம் இழந்தது. ஏழு ஆண்டுக்கு 12 கோடி டாலர் கொடுத்தார்கள். ஜானி டேமன் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போனார். ஓக்லாண்டின் மொத்தச் சம்பளப் பட்டியலே சுமார் 4 கோடி, யாங்கீஸுடையது 12 கோடிக்கும் மேல். ஜியாம்பியின் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஸ்காட் ஹாட்டிபெர்க். முழங்கை நரம்பு கெட்டுப்போய்ப் பந்து எறிய முடியாத கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி). வேறு யாருக்கும் வேண்டாதவர். ஆனால் நிறைய வாக் வாங்குகிறவர். முதல் பேஸில் நிற்கக் கற்றுக்கொடுத்து இறக்கினார்கள்.

2002 ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 4 வரை ஏஸ் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. இருபதாவது ஆட்டத்தில் ராயல்ஸுக்கு எதிராக 11-0 என்று முன்னிலை பெற்று, அதை அப்படியே கோட்டைவிட்டு 11-11 ஆக்கிக்கொண்டு, ஒன்பதாவது இன்னிங்ஸில் மாற்று பேட்டராக வந்த அதே ஹாட்டிபெர்க் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடித்து முடித்தார். அன்று அரங்கில் 55,528 பேர். சீசன் முடிவில் ஏஸ் வென்றது 103, யாங்கீஸ் வென்றதும் 103.

இந்தக் கதையில் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. அந்த ஆண்டு பாரி சீட்டோ, டிம் ஹட்சன், மார்க் மல்டர் என்ற மூன்று பிட்சர்கள் மட்டும் 57 வெற்றிகளைத் தங்கள் பெயரில் வைத்திருந்தார்கள். சீட்டோவுக்கு லீகின் சிறந்த பிட்சர் விருது. ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) மிகேல் தெஹாடா லீகின் மதிப்புமிக்க வீரர். இவர்கள் யாரும் வேண்டாதவர்கள் பட்டியலில் கண்டெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஏஸ் இளம் வயதிலேயே எடுத்து வளர்த்தவர்கள். சம்பளம் குறைவாக இருந்ததற்குக் காரணம் விதி. உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு வந்த ஒருவரை முதல் ஆறு ஆண்டு அவருடைய அணி தன் பிடியில் வைத்திருக்கலாம். முதல் மூன்றாண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம், அடுத்த மூன்றாண்டு சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் மூலம் ஓரளவு உயர்வு, அதன் பிறகுதான் சந்தை. ஆன் பேஸ் பெர்சன்டேஜ் ஏஸுக்குச் சில வெற்றிகளைத் தந்தது. இந்த ஆறாண்டு விதி அதைவிட நிறையத் தந்தது.

ரசிகனுடைய விசுவாசம் அடிபடுவதும் இந்த விதியில்தான். ஒரு பையன் வருவான், அவன் பெயர் போட்ட சட்டை வாங்குவோம், ஐந்தாறு ஆண்டில் அவன் யாங்கீஸிலோ பாஸ்டனிலோ இருப்பான். தெஹாடா 2003-க்குப் பிறகு பால்டிமோருக்குப் போனார். ஹட்சனும் மல்டரும் அதற்கு அடுத்த குளிர்காலத்தில் ஒரே வாரத்துக்குள் வேறு அணிகளுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டார்கள். “பணத்துக்காக ஓடிவிட்டான்” என்று வீரரைத் திட்டுவது ரசிகர் வழக்கம். 1970-களின் நடுப்பகுதி வரை வீரர்களுக்கு ஓடும் உரிமையே கிடையாது என்பது மறந்துபோகும். ஒப்பந்தம் முடிந்தாலும் அணி அவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விற்கலாம். 1969-ல் செயின்ட் லூயிஸ் அணி தன்னைக் கேட்காமல் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றிக் கொடுத்ததை எதிர்த்து கர்ட் ஃப்ளட் வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே, 1971-லேயே, முடிந்துவிட்டது. 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பு வந்துதான் கதவு திறந்தது. அந்தக் கதவில் முதல் விரிசல் விட்டதே ஓக்லாண்டில்தான். 1974-ல் உரிமையாளர் சார்லி ஃபின்லி ஒப்பந்தப்படி தர வேண்டிய ஒரு தொகையைத் தராமல் இழுத்தடிக்க, கேட்ஃபிஷ் ஹண்டர் விடுதலை பெற்று யாங்கீஸுக்குப் போனார். ‘அந்தக் காலத்து வீரர்கள் விசுவாசமாக இருந்தார்கள்’ என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். கட்டிப்போட்டவன் நகராமல் இருந்ததற்கு விசுவாசம் என்று பேர்.

ஏஸ் ரசிகர்கள் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். வேறெந்த ஊர் ரசிகரையும்விட முழுதாக ஏற்றுக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். நட்சத்திரம் போவது வருத்தம்தான், ஆனால் முப்பது வயதைத் தாண்டியவருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் கொடுப்பது மடத்தனம், அந்தப் பணத்தில் மூன்று பேரை எடுக்கலாம் என்று நாங்களே நிர்வாகத்துக்காக வாதாடுவோம். உரிமையாளரின் சட்டைப்பையைப் பற்றி அவரைவிட அதிகம் கவலைப்பட்ட ரசிகர் கூட்டம் அது. ஆட்கள் மாறினாலும் பச்சை, தங்க நிறச் சட்டை இருக்கும், ஊர் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தாராளம்.

எண்கள் ஆறுதலும் தந்தன. 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டும் ஏஸ் பிளே ஆஃபின் முதல் சுற்றிலேயே, ஐந்தாவது ஆட்டத்தில், வெளியேறியது. சபிக்கப்பட்ட அணி என்றார்கள். கணக்கு வேறு சொல்லும். ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கு 55 முறை வெல்லக்கூடிய நல்ல அணிகூட, ஐந்து ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 59 சதவீதம்தான். சரிசமமான இரு அணிகள் என்றால் நான்கு தொடரும் தோற்பது 16-ல் ஒரு முறை நடக்கும். 162 ஆட்டச் சீசன் அணியின் தரத்தைக் காட்டும், ஐந்து ஆட்டம் காட்டாது. இதையெல்லாம் நான் நம்புகிறேன். ஆனாலும் 2001-ல் யாங்கீஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் ஜேசனின் தம்பி ஜெரமி ஜியாம்பி, ரன் எடுக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டுக்குச் சறுக்காமல் நின்றபடி ஓடி வந்ததையும், யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் எங்கிருந்தோ முளைத்து பந்தைத் தட்டிவிட்டதையும் நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆட்டம் 1-0. எந்த வாய்ப்புக் கணக்கும் அந்த இடத்தில் உதவுவதில்லை.

புள்ளிவிவரத்தைத் திட்டுகிறவர்களுக்குப் பிடித்த உதாரணம் 2020 வேர்ல்டு சீரீஸ், அதாவது பட்டத்துக்கான இறுதித் தொடர். டாம்பா பே ரேஸ், ஓக்லாண்டைவிடக் கறாரான எண்கணக்கு அணி. ஆறாவது ஆட்டத்தில் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலேயே அவுட்) ஆக்கி, இரண்டே ஹிட் கொடுத்து, 1-0 என்று முன்னிலையைக் காத்துக்கொண்டிருந்தார். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களும் அவரிடம் தலா இரண்டு முறை ஸ்டிரைக் அவுட் ஆகியிருந்தார்கள். மூன்றாவது முறை அதே பேட்டர்களைச் சந்திக்கும்போது பிட்சர்கள் பொதுவாக அடி வாங்குவார்கள் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். ரேஸ் தோற்றது. “கணக்கு பார்த்துக் கெட்டான்” என்று ஊரே பேசியது. எனக்கு வேறு கருத்து. ஸ்னெலுக்குப் பதில் வந்த நிக் ஆண்டர்சன் அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார். அதுவும் எண்தானே! மூன்றாம் சுற்றுக் கணக்கு பொதுவான பிட்சரைப் பற்றியது, அன்றைய ஸ்னெலைப் பற்றியது இல்லை. கேஷ் எண்ணை அதிகம் பார்த்ததால் தவறவில்லை, ஒரே எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டதால் தவறினார் என்பேன். ஓக்லாண்டில் நடந்ததும் இதே வகைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

இன்றைய பேஸ்பாலில் வீரரை எடைபோடும் முதன்மையான எண் ‘வார்’. ஒருவர் அடித்தது, ஓடியது, பிடித்தது எல்லாவற்றையும் வெற்றிக் கணக்காக மாற்றிச் சொல்வது. ஆனால் எதற்கு மேலே? பூஜ்யத்துக்கு மேலே இல்லை. கீழ்மட்டமான மைனர் லீகிலிருந்து எந்தச் செலவும் இல்லாமல் கூப்பிடக்கூடிய ஒரு சாதாரண ஆளைவிட இவர் எத்தனை வெற்றி அதிகம் தருவார் என்பதுதான் கேள்வி. இதுதான் ‘மாற்று வீரர் மட்டம்’. அப்படிப்பட்ட ஆட்களை மட்டும் வைத்து ஓர் அணி ஆடினால் 162-ல் சுமார் 48 ஆட்டங்களை வெல்லும் என்பது கணக்கு.

2023-ல் ஏஸ் வென்றது 50.

அந்த நிலைக்கு அணி தானாக விழவில்லை. 2018, 2019 இரண்டு ஆண்டும் 97 ஆட்டங்கள் வென்ற அணி அது. மார்கஸ் செமியனை 2020-க்குப் பிறகு விட்டார்கள். அடுத்த ஆண்டே அவர் டொராண்டோவுக்காக 45 ஹோம் ரன் அடித்தார். 2022 சீசன் தொடங்கும் முன் மாட் ஓல்சன், மாட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா என்று வரிசையாகச் சில வாரங்களில் வேறு அணிகளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதே நேரத்தில் சீசன் டிக்கெட் விலையை ஏற்றினார்கள். கொலிசியமோ 2013-லேயே உடை மாற்றும் அறைக்குள் சாக்கடை பொங்கிய அரங்கம். 2023-ல் வெளியூர் அணியின் வர்ணனை அறையில் போசம் என்ற பூனை அளவு காட்டு விலங்கு ஒன்று குடிபுகுந்து, வர்ணனையாளர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. பராமரிப்பு இல்லை, அணி இல்லை, விலை மட்டும் இருந்தது. 2019-ல் 16 லட்சத்தைத் தாண்டிய மொத்தக் கூட்டம் 2022-ல் 8 லட்சத்துக்கும் கீழே போனது.

பிறகு அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்து, “இந்த ஊரில் ஆதரவு இல்லை” என்றார்கள்.

சாட்விக்கின் வாக் கதை இங்கே திரும்ப வருகிறது. கூட்டத்தின் எண்ணிக்கையை ஊரின் விசுவாசத்துக்கான அளவு என்று யார் தீர்மானித்தார்கள்? அதே ஓக்லாண்டின் பழைய கணக்கைப் பார்த்தால் போதும். ஃபின்லி காலத்தில் ஏஸ் 1972, 73, 74 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பட்டம் வென்றது. வீரர்களுக்கு விடுதலை கிடைத்ததும் எல்லோரும் போனார்கள். ஃபின்லி செலவு செய்வதை நிறுத்தினார். 1979-ல் அணி 108 ஆட்டங்களில் தோற்றது, ஆண்டு முழுவதும் வந்தவர்கள் சுமார் 3 லட்சம். அந்த ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட கூட்டம் 653. ஒரு கல்யாண மண்டபத்தில் இதைவிடக் கூட்டம் இருக்கும். அடுத்த ஆண்டு லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாஸ் குடும்பம் அணியை வாங்கியது. வீரர்களில் முதலீடு செய்தது, ஊர்ப் பள்ளிகளோடும் மக்களோடும் உறவு வைத்தது. 1988, 89, 90 மூன்று ஆண்டும் வேர்ல்டு சீரீஸ் ஆடினார்கள், 89-ல் வென்றார்கள். 1990-ல் வந்த கூட்டம் 29 லட்சம்.

ஊர் அதேதான். அரங்கம் அதேதான். பதினோரு ஆண்டில் 3 லட்சம் 29 லட்சம் ஆனது. மாறியவர் உரிமையாளர். ஆய்வு செய்கிறவர்களுக்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடைப்பது அபூர்வம். பில் ஜேம்ஸின் கண்ணால் பார்த்தால், கூட்டத்தின் எண் ரசிகருடைய ஆவரேஜே இல்லை, உரிமையாளருடைய ஆவரேஜ். பிட்சரின் வெற்றிக் கணக்கில் அவருடைய அணி அடித்த ரன்னும் சேர்ந்துவிடுவதைக் கண்டுபிடித்துக் கழித்தவர்கள், கூட்டத்தின் கணக்கில் தாங்கள் செய்ததும் சேர்ந்திருக்கிறது என்பதைக் கழிக்கவில்லை. தெரியாமல் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பீனின் ஆட்கள் ஹாட்டிபெர்கைக் கண்டுபிடித்தவர்கள், இது தெரியாதா?

ரசிகர்கள் ஒரு பதில் பரிசோதனை செய்தார்கள். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. எதிரணி டாம்பா பே. போகாமல் இருப்பது புறக்கணிப்பு என்றால், இது தலைகீழ்ப் புறக்கணிப்பு. எல்லோரும் சேர்ந்து போய் அரங்கை நிரப்புவது. 27,759 பேர் வந்தார்கள், பலர் ‘விற்றுவிடு’ என்று அச்சடித்த பச்சைச் சட்டையில். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு அணியை விற்கச் சொல்லி ஒரே குரலில் கத்தினார்கள். கடைசி இடத்தில் கிடந்த ஏஸ் அன்று 2-1 என்று வென்றது, தொடர்ந்து ஏழாவது வெற்றி. உரிமையாளர் ஜான் ஃபிஷர் மீது ரசிகருக்கு அன்பில்லை, அணி மீது இருக்கிறது என்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய ராத்திரி அது. லீக் கமிஷனர் ராப் மான்ஃபிரட், ஒரு ராத்திரிக்காவது ஏறக்குறைய சராசரிக் கூட்டம் வந்ததே நல்லது என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போனார். அதே நாள் நெவாடா மாநில மேலவையில், வேகஸ் அரங்கத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் கொடுக்கும் மசோதா நிறைவேறியது. நவம்பரில் 30 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள்.

நிர்வாகத்துக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதிய அரங்கத்துக்கு அவர்கள் முயலவே இல்லை என்பது உண்மை இல்லை. 2006-ல், தமிழர்கள் உட்பட இந்தியர்கள் நிறைந்த ஃப்ரீமாண்டில் கட்டுவதாக அறிவித்தார்கள், 2009-ல் கைவிட்டார்கள். சான் ஹோசேவுக்குப் போகப் பார்த்தபோது அது பக்கத்து ஊரான சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயண்ட்ஸ் அணியின் எல்லை என்று லீக் தடுத்தது. ஓக்லாண்ட் துறைமுகத்தை ஒட்டி ஹோவர்ட் டெர்மினலில் கட்டப் பல ஆண்டு பேச்சு நடந்தது. நகர நிர்வாகமும் விரைந்து செயல்பட்டது என்று சொல்ல மாட்டேன். கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் 2019-ல் வளைகுடாவின் அந்தப் பக்கம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது, அமெரிக்கக் கால்பந்து அணியான ரெய்டர்ஸ் 2020-ல் வேகஸ் போனது. மூன்று பெரிய அணிகளை அடுத்தடுத்து இழந்த ஊரில் எல்லாத் தவறும் ஒரே பக்கம் இருக்காது. ஆனாலும் வளைகுடாப் பகுதியைவிட வெகு சிறிய தொலைக்காட்சிச் சந்தைக்கு, பொதுப்பணம் கிடைக்கிறது என்பதற்காகப் போவது, ஓக்லாண்டின் ரசிகர்கள் போதாது என்பதற்கான சான்று ஆகாது.

‘மாற்று வீரர் மட்டம்’ என்ற சிந்தனையின் நுனி இங்கேதான் வந்து குத்துகிறது. இந்த வீரர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் கிடைப்பார் என்று நாங்களே தலையாட்டினோம். அதே கேள்வியை உரிமையாளர் எங்களைப் பற்றிக் கேட்டார். இந்த ரசிகர்கள் போனால்? வேகஸில் சுற்றுலாப் பயணிகள் கிடைப்பார்கள். வீரர் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் அவர் செய்யும் வேலை என்ன என்று தெரியும், அதை இன்னொருவர் எவ்வளவு செய்வார் என்று அளக்கலாம். முப்பது ஆண்டு வலது புற பிளீச்சர்ஸ் என்ற மலிவு இருக்கைகளில் உட்கார்ந்து மேளம் அடித்தவர் செய்யும் வேலை என்ன? டிக்கெட் வாங்குவது மட்டும்தான் என்றால் சுற்றுலாப் பயணி போதும். அணி அப்படித்தான் கணக்குப் போட்டது.

வேகஸ் அரங்கம் 2028-ல் தயாராகும் என்கிறார்கள். அதுவரை அணி சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில், சுமார் 14,000 பேர் பார்க்கக்கூடிய மைனர் லீக் மைதானத்தில் ஆடுகிறது. பெயரில் ஊரே கிடையாது, வெறும் ‘அத்லெட்டிக்ஸ்’. 2025-ல் அங்கே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரத்துக்கும் குறைவானவர்களே வந்தார்கள். சாக்ரமெண்டோக்காரர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யாரும் கட்டுரை எழுதவில்லை. தற்காலிக ஏற்பாடுதானே, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். சரியான வாதம். 2022-ன் ஓக்லாண்டுக்கும் பொருந்தும்.

எனக்குத் தெரிந்த பழைய ஏஸ் ரசிகர்கள் இப்போது சிதறிக் கிடக்கிறார்கள். சிலர் பேஸ்பாலையே விட்டுவிட்டார்கள். சிலர் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஜயண்ட்ஸ் தொப்பி போடுகிறார்கள். சாப்மன் இப்போது அங்கேதான் ஆடுகிறார் என்பது அவர்களுக்கு ஒரு சாக்கு. நான் ஓல்சன், செமியன், சாப்மன் ஆகியோரின் அன்றைய பாக்ஸ் ஸ்கோரைப் பார்க்கிறேன். எந்த அணி வென்றது என்பதை சில நாள் கவனிப்பதுகூட இல்லை. வீரர்கள் மாறலாம், சட்டைதான் முக்கியம் என்று இருந்தவனுக்குச் சட்டை போய் வீரர்கள் மிஞ்சியது வேடிக்கைதான்.

இன்னும் சிலர் வெஸ்ட் ஓக்லாண்டின் ரைமோண்டி பார்க்குக்குப் போகிறார்கள். ஏஸ் போவது உறுதியானதும், 2023-ல் உருவாக்கப்பட்டு அடுத்த ஆண்டு ஆடத் தொடங்கிய ‘ஓக்லாண்ட் பாலர்ஸ்’ அங்கே பயனியர் லீகில் ஆடுகிறது. எந்த மேஜர் லீக் அணிக்கும் கீழே இல்லாத தனி லீக் அது. ரசிகர்களிடமே சிறு பங்குகள் விற்றுப் பணம் திரட்டிய அணி. 2025 செப்டம்பரில் ஓர் ஆட்டத்தில், யாரை இறக்குவது, பிட்சரை எப்போது மாற்றுவது போன்ற முடிவுகளைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் விட்டுப் பார்த்தார்கள். பங்கு வைத்திருப்பவர்கள் உட்படப் பலருக்கு இது பிடிக்கவில்லை, டெக் கம்பெனிகளுக்குப் பல்லிளிக்கிற வேலை என்று சமூக வலைத்தளங்களில் கிழித்தார்கள். எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. பிட்சரை எப்போது எடுப்பது என்பது கணக்கு, மென்பொருள் போடட்டும். திட்டினால் காதில் விழும் தூரத்தில் உரிமையாளர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன்.